பதினான்கு பேரின் கன அளவு

வால்டிவியாவில் ஜூலை.
ஆற்றங்கரை மீன்சந்தையில் குடலுக்கும் தலைக்கும் கத்துகிற
கடல்சிங்கங்களின் குரல்
மூன்றாம் மாடிவரை ஏறி வருகிறது.
ஊரெல்லாம் மழை. என் திரையில் மட்டும் இல்லை.

திரையில் ஒரு சிறிய மருத்துவமனை நிற்கிறது,
இன்னும் ஒரு மண்வெட்டிகூட இறங்காத மனையில்.
கூரையைக் கழற்றினால் அறைகள்,
அறைகளைக் கழற்றினால் தூண்கள்,
தூணைத் தொட்டால்
தன் எடையைத் தானே சொல்லும்.

என் வேலை கேட்பது.
எத்தனை டன் கம்பி, எவ்வளவு கான்கிரீட்,
ஈரம் புகாத பலகை எத்தனை சதுர மீட்டர்.
கேட்டதைச் சொல்லும், கேட்காததைச் சொல்லாது.
ஒரே சுவரை இரண்டு பேர் வரைந்திருந்தால்
இரண்டு சுவர் என்று சொல்லும், கூசாமல்.
தூணுக்குள் புகுந்த உத்தரத்தை
தூணிலும் எண்ணும், உத்தரத்திலும் எண்ணும்.
ஆணி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தப்புள்ளி.
செவ்வாய் இரவு எந்திரம் சொன்னது அறுநூற்றுப் பன்னிரண்டு.
நான் பென்சிலால் போட்டது அறுநூற்றுப் பதினொன்றும் சொச்சமும்.
வித்தியாசம் ஒரு கன மீட்டர்கூட இல்லை:
புள்ளி ஒன்பது எட்டு.

"விட்டுவிடு யாஸ்னா, சேதாரத்தில் போகட்டும்"
என்றான் உலிசெஸ், கோட்டை மாட்டிக்கொண்டே.
சேதாரத்துக்கென்று ஐந்து சதவீதம் ஏற்கெனவே வைத்தாயிற்று.
இந்த அலுவலகத்தில் போகட்டும் போகட்டும் என்று விட்டதையெல்லாம் சேர்த்திருந்தால்
இந்நேரம் அக்கரையில் ஒரு ஊர் எழும்பியிருக்கும்.

ஒவ்வொரு தளமாக அணைத்துப் பார்த்தேன்.
அடித்தளம் சரி. படிக்கட்டு சரி.
எல்லாம் அணைந்த பிறகும்
அணையாமல் நின்றார்கள் பதினான்கு பேர்,

அந்தரத்தில்.

கட்டடத்தின் உயரம் பிடிபட வேண்டுமென்று
வரைகிறவர்கள் நிறுத்திவைக்கும் பொம்மைகள்.
முகம் கிடையாது.
ஒருத்தியின் கையில் பை,
ஒருவன் எடுத்த அடியை இன்னும் வைக்கவில்லை,
மூன்று பேர், மருந்துச் சன்னல் இருந்த இடத்தில்
வரிசையாக.
யாரோ அவசரத்தில் அடுக்கு மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.
பொருள்: கான்கிரீட், களத்தில் வார்த்தது.
ஆளுக்குப் புள்ளி பூஜ்யம் ஏழு.

உலிசெஸ் கோட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.
பிறகு தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து
"எனக்குப் புள்ளி ஒன்று வரும்" என்றான்.
நான் வேறு கணக்கில் இருந்தேன்.
எழுபது லிட்டர்.
ஓர் ஆள் என்பது
ததும்பாமல் தள்ளினால் ஒரு கைவண்டிக் கலவை.

பதினான்கு உருப்படிகளை நீக்கவா என்று கேட்டது.
ஆம்.
மருத்துவமனை இம்மியும் அசையவில்லை.

ஒப்பந்தம் எங்களுக்கே வந்தது.
நவம்பரில், தரைத்தளம் வார்க்கிற நாளில்,
வரக்கூடாத மழை வந்தது.
சென்ட்ரிங் பலகை ஓரிடத்தில் வயிறு தள்ளியது.
மாலை ஐந்தரைக்கு மேஸ்திரி நோல்பெர்த்தோ
தொலைபேசியில்: "பத்தலை. ஒரு மூலை திறந்து கிடக்குது."
எவ்வளவு?
"ஒண்ணு. ஒண்ணேகால்னு வையுங்க."

பொம்மைகளைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.
ஆலைக்காரனிடம் கெஞ்சினேன்.
மூன்று கன மீட்டருக்குக் குறைந்தால் வண்டி கிளம்பாதாம்.
சரி, மூன்றே அனுப்பு.
இருட்டியபின் வந்தது. மூலை நிறைந்தது.
மிச்சம் ஒன்றேமுக்கால், உருளைக்குள் சுற்றிக்கொண்டு,
இறுகக் காத்திருந்தது.
நோல்பெர்த்தோ யாரையும் கேட்கவில்லை.
பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை
சேற்றின் மேல் இரண்டு பலகையை வைத்து
கொட்டி இழுத்துவிட்டார், ஒரு நடைபாதை.

கட்டி முடித்ததைக் கட்டியபடியே
மாதிரியில் ஏற்றித் தர வேண்டும் என்பது விதி.
ஏற்றினேன்.
சற்றே கோணலான நீளப் பட்டை,
பொருள்: கான்கிரீட், களத்தில் வார்த்தது,
கன அளவு: ஒன்று புள்ளி ஏழு ஐந்து.
பயன் என்ற கட்டத்தை நிரப்பாமல்
சேமிக்க மறுத்தது எந்திரம்.

வெளியே கடல்சிங்கங்கள் அடங்கியிருந்தன.
வெகுநேரம் யோசித்து எழுதினேன்:
நிற்பதற்கு.